நுரையீரல் கடைசியில்தான் தயாராகும்

விழா மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். விஞ்ஞான மாஸ்டருக்கு எண்பது வயது நிறைகிறது, பழைய மாணவர்கள் எல்லாரும் சேர்ந்து மண்டபம் எடுத்துப் பொன்னாடை போர்த்தப் போகிறோம், எட்டாம் வகுப்பில் அவரிடம் படித்த நாட்களைப் பற்றி இனிமையாக நாலு வரி எழுது என்றீர்கள். எனக்கு இனிமையாக எழுத வராது. ஒரு பக்கத்தில் இது அடங்கவும் அடங்காது. வெட்டுவதானால் முழுவதையும் வெட்டிவிடுங்கள். பாதியைப் போட்டு என்னை நல்லவளாகக் காட்ட வேண்டாம்.

பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கில் நம் பள்ளிக்கூடம் இருந்த இருப்பு உங்களுக்கு மறந்திருக்காது. ஒரே நீள மண்டபம், மேலே தகரம், வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவே ஒரு கரும்பலகைதான் சுவர். மழை பிடித்தால் தகரத்துச் சத்தத்தில் மாஸ்டர்மாருடைய வாய் அசைவது மட்டும் தெரியும். ஜன்னலில் கண்ணாடி கிடையாது, பனி நேரே உள்ளே வந்து நம்மோடு வாங்கில் உட்காரும். ஈரக் கம்பளி நாற்றமும், கீழே தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாடும் வாசமும் கலந்து வரும். இன்றைக்கும் எங்கேயாவது நனைந்த கம்பளியை முகர்ந்தால் எனக்குப் பதின்மூன்று வயதாகிவிடுகிறது, கூடவே கோபமும் வந்துவிடுகிறது.

அந்த வருடம்தான் அவர் ஹட்டன் டவுனிலிருந்து நம் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். கடை வைத்திருந்த குடும்பம், படித்த பிள்ளை, வெள்ளைக் காற்சட்டை. இரத்தம் குடிக்கிற அட்டைக்குப் பயந்து காலுறையில் சவர்க்காரத்தை அப்பிக்கொண்டு வருவார். சொந்தமாக ஒரு பெட்டி நிறச் சோக்கட்டி வைத்திருந்தார். உயிர்க்கலம் ஒன்றை வரைந்தாரென்றால் அதன் கருவுக்கு ஊதா, சுற்றியுள்ள மென்சவ்வுக்கு மஞ்சள். அழிக்கும்போது நமக்கே வலிக்கும். அவர் நல்ல வாத்தியார். இதைச் சொல்லாமல் விட்டால் என் கோபம் பொய்யாகிவிடும், அதனால் சொல்கிறேன்.

கலம், இழையம், அங்கம், தொகுதி என்று நாலு சொல்லைப் பலகையில் எழுதிவிட்டு, நம் முழியைப் பார்த்து, எல்லாவற்றையும் பெரட்டுக் களத்தில் வைத்து விளக்கினார். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு வந்து நிற்கும் ஒவ்வோர் ஆளும் ஒரு கலம். கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட்டு, கொழுந்துக்கு இத்தனை பேர், செடி கவ்வாத்து வெட்ட இத்தனை பேர், மருந்தடிக்க இத்தனை பேர் என்று பிரித்துவிட்டால் ஒவ்வொரு கூட்டமும் ஓர் இழையம். ஒரே வேலை செய்கிற ஒரே மாதிரி ஆட்கள். நாலைந்து கூட்டம் சேர்ந்து ஒரு காரியத்தை முடிக்கிற இடம் அங்கம். தொழிற்சாலை அப்படி ஓர் அங்கம். எல்லாம் சேர்ந்து தோட்டம், அதுதான் உடம்பு. பின்வாங்கிலிருந்து உங்களில் யாரோ, அப்போ மூளை எங்கே சேர் என்று கேட்டீர்கள். துரை பங்களாவைக் கைகாட்டினார். எல்லாரும் சிரித்தோம். அன்றைக்கு அந்தப் பாடம் எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது. அம்மாவை ஒரு கலமாக நினைத்துப் பார்த்தபடி வீடு போனேன்.

அம்மா அப்போது நாலு மாதம். எனக்குப் பிறகு இரண்டு பிள்ளைகள் வயிற்றில் தங்கவில்லை. அதனால் இந்த முறை தோட்டத்து டொக்டரய்யா முன்கூட்டியே ஒரு துண்டு எழுதிக் கொடுத்திருந்தார். பாரம் தூக்கக்கூடாது, மேடு ஏறக்கூடாது, லேசு வேலைதான் கொடுக்க வேண்டும். தோட்டத்தில் லேசு வேலை என்றால் தவறணை, தேயிலை நாற்று வளர்க்கிற இடம். தழைப் பந்தலுக்குக் கீழே, நிழலில், சாக்கு விரித்து உட்கார்ந்தபடி, ஓர் இலையும் ஒரு துண்டுத் தண்டுமாக வெட்டி, மண் நிரப்பிய பொலித்தீன் உறையில் ஊன்றுகிற வேலை. அம்மாவின் விரல்நகமெல்லாம் செம்மண்ணாக இருக்கும். முகம் மட்டும் அந்த நாட்களெல்லாம் தெளிந்திருந்தது.

வேலையிலிருந்து நிற்கலாமே என்று இன்றைய பிள்ளைகள் கேட்பார்கள். நமக்குத் தெரியும். அது அரிசிக்கும் மாவுக்கும் தட்டுப்பாடான காலம். வேலைக்குப் பேர் விழாத வீட்டில் அடுப்பு எரியாது. மரவள்ளிக்கும் வழியில்லாமல் காட்டுக் கீரையை அவித்துத் தின்றவர்கள் இதை வாசிக்கிறவர்களில் பாதிப்பேர்.

சாயங்காலம் அடுப்படியில் உட்கார்ந்து அன்றைய பாடத்தை அம்மாவுக்குச் சொல்வேன். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் கேள்வி கேட்கத் தெரியும். பிள்ளையும் முதலில் ஒரே ஒரு கலமா? ஆமாம். அது ரெண்டாகும், நாலாகும், அப்புறம் கூட்டம் கூட்டமாகப் பிரியும். ஒரு கூட்டம் தோலும் நரம்புமாகும், ஒரு கூட்டம் தசையும் எலும்புமாகும், ஒரு கூட்டம் குடலாகும். அப்போ கணக்கப்பிள்ளை யாரு, பேர் கூப்பிட்டுப் பிரிச்சு விடுறது யாரு என்று அம்மா கேட்டார். அடுத்த நாள் மாஸ்டரிடம் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. நல்ல கேள்வி என்று மட்டும் சொன்னார்.

மாஸ்டர் எந்த மாதத்தில் எது உருவாகும் என்று பலகையில் ஒரு கோடு போட்டுக் காட்டியிருந்தார். இதயம் முதலிலேயே அடிக்கத் தொடங்கிவிடும். ரெண்டாம் மாதத்தில் விரல் பிரியும். அதற்குப் பிறகு நகம், பிறகு முடி, பிறகு காது கேட்கும். நுரையீரல் கடைசியில்தான் தயாராகும், உள்ளே இருக்கும்வரை அதற்கு வேலையில்லை என்றார். நான் அந்தக் கோட்டை அப்படியே என் கொப்பியில் வரைந்து வைத்துக்கொண்டு, வாரத்துக்கு வாரம் அம்மாவுக்கு அறிக்கை வாசித்தேன். நகம் வந்திருக்கும் என்று சொன்ன அன்று அம்மா தன் செம்மண் நகத்தை விளக்குப் பக்கம் பிடித்துப் பார்த்துவிட்டு, கழுவப் போனார்.

ஒருநாள் அம்மா தன் வேலையைப் பற்றி ஒன்று சொன்னார். "தண்ட வெட்டி ஊனுறோம்ல, கொஞ்ச நாள்ல வெட்டுவாயில வெள்ளையா ஒன்னு வீங்கும் பாப்பா. அது வேருமில்ல, தண்டுமில்ல. அதுக்கப்புறந்தான் அதுலருந்து வேர் எறங்கும்." அப்படியானால் தண்டிலே இருந்த கலம் வேராக மாறுகிறதா? எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் அன்று காலைதான் மாஸ்டர் வேறு மாதிரிச் சொல்லியிருந்தார்.

அவர் சொன்னது இது. ஒரு கலம் ஒரு வேலைக்கென்று ஆகிவிட்டால் ஆகிவிட்டதுதான். தோல் கலம் தோல்தான், அது ஒருநாளும் மூளை ஆகாது. அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "மனுசரும் அப்படித்தான். பெரட்டுக்கு நிக்கப் பொறந்தவங்க பெரட்டுக்கு நிப்பாங்க. அதுல வெக்கப்பட ஒன்னுமில்ல" என்றார். உங்களில் பலர் தலையாட்டினீர்கள். நானும் ஆட்டியிருப்பேன்.

அடுத்த நாள் நான் தவறணையிலிருந்து ஒரு தண்டு கொண்டு போனேன். திருடவில்லை. வேர் கோணலாகப் போன நாற்றுகளைக் கழித்து ஓரமாகக் குவித்து வைப்பார்கள். அம்மா அந்தக் குவியலிலிருந்துதான் ஒன்றை எடுத்து, மண்ணைத் தட்டி, ஒரு பழைய துணியில் சுற்றித் தந்தார். வகுப்பில் எழுந்து அதைப் பிரித்துக் காட்டினேன். ஓர் இலை, விரலளவு தண்டு, அடியில் வெள்ளைத் தழும்பு, தழும்பிலிருந்து ஐந்தாறு வேர். இது தண்டுதானே சேர், எப்படி வேராகிச்சு என்று கேட்டேன். நீங்கள் வாங்கில் தட்டிச் சிரித்தீர்கள். அந்தச் சத்தம் இல்லாமல் போயிருந்தால் ஒருவேளை எல்லாம் வேறு மாதிரி நடந்திருக்கும்.

செடி வேறு, மனித உடம்பு வேறு என்று அவர் அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். அது சரியான பதில். முப்பது வருடத்துக்கு மேல் மருத்துவச்சியாக இருந்துவிட்டு வந்தவள் நான், அவர் சொல்லாமல் விட்ட பதிலை நானே சொல்கிறேன். அவர் முகம் சிவந்து, பின்பு சிரித்து, தண்டை என் கையிலிருந்து வாங்கித் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கெட்டிக்காரி என்றும் சொன்னார். நான் கால் தரையில் படாமல் வீட்டுக்குப் போனேன்.

அன்று பின்னேரம் அவர் கணக்கப்பிள்ளை வீட்டில் கேரம் விளையாடப் போயிருக்கிறார். அங்கே அந்தத் தண்டைப் பலகையில் போட்டு, உங்கள் தவறணை இப்போது என் வகுப்புக்கே நடந்து வருகிறது என்று வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார். கணக்கப்பிள்ளையின் வீட்டில் வேலைக்கு இருந்த அக்கா பிறகு எங்களிடம் சொன்னது இது. வேடிக்கைதான், ஆனால் கேட்டவருக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. அந்த மாதம் தவறணையில் நாற்று களவு போய், துரை கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டுக் கிழித்திருந்தார். அவருக்கு அவசரமாக ஒரு கள்ளன் தேவைப்பட்டிருந்தான். ஒரு கள்ளி கிடைத்துவிட்டாள்.

மறுநாள் பெரட்டில் எல்லார் முன்னாலும் அம்மாவின் பேரைத் தவறணையிலிருந்து எடுத்தார்கள். டொக்டரய்யாவின் துண்டை அம்மா நீட்டினார். கணக்கப்பிள்ளை அதை வாங்கவில்லை. களவெடுத்த ஆளுக்குத் தவறணை கிடையாது, மலையில் கொழுந்தெடு, முடியாதென்றால் வீட்டில் இரு. அவ்வளவுதான் பேச்சு. கங்காணி வாய் திறக்கவில்லை. அப்பா கவ்வாத்துக் கத்தியைப் பிடித்தபடி தன் வரிசையில் நின்றார், அவரும் திறக்கவில்லை. அப்பாவை நான் பிறகு மன்னித்தேன்.

அன்று சாயங்காலம் அம்மா முகம் கழுவி, நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு மாஸ்டரின் குவார்ட்டர்ஸுக்குப் போனார். அவர் வாசலில் காலுறையைக் காயப் போட்டுக்கொண்டிருந்தார். அம்மா முற்றத்தில் நின்றே பேசினார். பிள்ளை பாடத்துக்குத்தான் அதைக் கொண்டுவந்தது, கழித்த செடிதான் அது, அதை மட்டும் கணக்கப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். மாஸ்டர் என்னைப் பார்க்கவில்லை. காலுறையின் சுருக்கத்தையே நீவிக்கொண்டிருந்தார்.

"நான் பள்ளிக்கூடத்து ஆளும்மா. தோட்டத்து விசயத்துல தலையிட்டா நாளைக்கு எனக்கு இந்த வீடு இருக்காது" என்றார்.

அம்மா வயிற்றைக் காட்டவில்லை. ஐந்து முடியப் போகிறது என்று மாதத்தை மட்டும் சொன்னார். போன இரண்டையும் சொன்னார்.

"கொஞ்ச நாளைக்கு மலைக்குப் போனா என்ன ஆயிரும்? ஒங்காளுங்களுக்கு அது பழக்கந்தானே."

நண்பர்களே, அந்த வார்த்தையை இரண்டாம் முறை வாசியுங்கள். சொன்னவர் சாதாரண ஆள் இல்லை. உடம்புக்குள் எது எந்த மாதத்தில் உருவாகும் என்று நிறச் சோக்கட்டியில் கோடு போட்டுக் காட்டியவர். அம்மா கும்பிட்டுவிட்டுத் திரும்பினார். வழியில் அம்மா அழவில்லை. நான்தான் அழுதேன். என் கையைப் பிடித்து நடந்த அம்மாவின் கை சூடாக இருந்தது.

பன்னிரண்டு நாள் அம்மா பதினோராம் நம்பர் மலைக்குப் போனார். அந்த மலையின் ஏற்றம் உங்களுக்குத் தெரியும், ஆடே அங்கே பக்கவாட்டில்தான் நடக்கும். தலையில் கயிறு, முதுகில் கூடை, இடுப்பில் படங்குச் சாக்கு. நான் சாயங்காலம் அறிக்கை வாசிப்பதை நிறுத்தவில்லை. அம்மாதான் கேட்கக் கேட்கத் தூங்கிவிடுவார். பன்னிரண்டாம் நாள் மழை. பகல் கொழுந்து நிறுக்க மடுவக் கொட்டகைக்கு இறங்கும்போது நோவு கண்டுவிட்டது. பள்ளிக்கூடத்துக்கு ஆளனுப்பி என்னைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்து போனபோது பலகைக்கு முன்னால் நின்றவர் மாஸ்டர்தான். போ என்று தலையசைத்தார்.

மடுவத்துக்குள் பெண்கள் கம்பளியை விரித்துப் பிடித்து மறைப்புக் கட்டியிருந்தார்கள். நிறுத்த கொழுந்தின் பச்சை வாசம், இரத்த வாசம். மருத்துவச்சி இன்னும் வந்து சேரவில்லை. வெளியே குடை பிடித்துக்கொண்டு நின்ற கணக்கப்பிள்ளை, மற்றக் கொழுந்தை நிறுக்கலாமா என்று ஆளனுப்பிக் கேட்டார். பெண்கள் கம்பளியை இன்னும் நெருக்கிப் பிடித்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவரே போய்விட்டார்.

பிள்ளையை ஒரு படங்குத் துண்டில் வைத்திருந்தார்கள். சின்னப்பிள்ளை பார்க்கக்கூடாது என்று யாரோ என்னை இழுத்தார்கள். நான் பார்த்தேன். விரல் வந்திருந்தது. நகம் வந்திருந்தது. புருவத்தில் மெல்லிய முடி வந்திருந்தது. காது முழுதாக இருந்தது. என் கோட்டில் இருந்த எதுவும் குறையவில்லை, எல்லாம் அந்தந்த மாதத்துக்குச் சரியாக வந்திருந்தது. நெஞ்சு இரண்டு முறையோ மூன்று முறையோ தூக்கியது. பெண்கள், மூச்சு வருது, மூச்சு வருது என்றார்கள். வராது என்று எனக்குத் தெரியும். அந்த மடுவத்துக்குள் அது தெரிந்த ஒரே ஆள் நான்தான். அந்தப் படிப்புக்காக நான் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

அப்பா ஓடைப்பக்கம் குழி வெட்டினார். வீட்டுக்கு வந்து என் விஞ்ஞானக் கொப்பியை எடுத்து அடுப்பில் போட்டார். உன் படிப்பால்தான் என்று ஒரே ஒரு முறை சொன்னார். படுத்திருந்த அம்மா எழுந்து வந்து, வெறும் கையால் கொப்பியை இழுத்து, தரையில் தட்டி அணைத்தார். பாதி எரிந்திருந்தது. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். "நீ செடியக் கொண்டு போனது தப்பில்ல பாப்பா. அந்தாளு வாயத் தொறக்காததுதான் தப்பு. மாத்தி நெனச்சுக்காத." நான் மாற்றி நினைக்கவில்லை. ஐம்பது வருடமாக அதை அப்படியே வைத்திருக்கிறேன்.

மாஸ்டர் அடுத்த வாரம் சமிபாட்டுத் தொகுதி நடத்தினார். என் வாங்குப் பக்கம் திரும்பவே இல்லை. நான் முடிவு செய்துவிட்டேன்.

முதலில் அட்டைகள். ஒரு தீப்பெட்டி நிறையப் பொறுக்கி, அவர் பாடம் எடுத்துக்கொண்டிருக்கும்போது, மூலையில் சாத்தியிருந்த குடைக்குள் கொட்டினேன். சவர்க்காரம் காலுக்குத்தானே. மழையில் குடையை விரித்துக்கொண்டு போனவர் பாதி வழியில் துள்ளிக் குதித்ததையும், கழுத்திலிருந்து வெள்ளைச் சட்டையில் சிவப்பாக இறங்கியதையும் நீங்களும் பார்த்தீர்கள். யார் செய்தது என்று இன்றுவரை உங்களுக்குத் தெரியாது. இரத்தமும் ஓர் இழையம்தான் என்று சொல்லித் தந்தவர் அவரே. அவருடைய இழையம் வடிவதைப் பார்த்து எனக்கு மனம் குளிர்ந்தது. ஆனால் போதவில்லை.

பிறகு கலத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிற நுணுக்குக்காட்டி. பள்ளிக்கூடத்துக்கு மாஸ்டர் அலைந்து திரிந்து வாங்கி வந்தது, மரப்பெட்டியில் பூட்டி வைத்திருந்தார். கல்வியதிகாரி வரும் நாளில் நமக்கு வெங்காயத் தோலில் கலத்தைக் காட்டப் போவதாகச் சொல்லி வைத்திருந்தார். நாம் எல்லாரும் அந்த நாளுக்காகக் காத்திருந்தோம். அலுமாரி துடைக்கிற முறை எனக்கு வந்த அன்று, சாவி மேசையில் கிடந்தது. கண் வைக்கிற பக்கத்துக் கண்ணாடி வில்லையையும் கீழே இருந்த வில்லையையும் கழற்றி எடுத்தேன். அன்றைக்கே தவறணைக்குப் போய், மண் நிரப்பி ஊன்றாமல் வைத்திருந்த இரண்டு உறைகளுக்குள் ஆழமாக அழுத்திவிட்டேன். அந்த உறைகளில் தண்டு ஊன்றப்பட்டு, வளர்ந்து, எந்த மலைக்கோ போயிருக்கும். இன்றைக்கு எங்கேயோ இரண்டு தேயிலையின் வேருக்குள் அவை கிடக்கின்றன.

கல்வியதிகாரி வந்தார். வெங்காயம் உரித்தாயிற்று, பெட்டி திறந்தாயிற்று. மாஸ்டர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார். காது இரண்டும் வெளுத்துப்போனது. அரசாங்கச் சாமானைப் பாதுகாக்கத் தெரியாதவர் என்று அதிகாரி நம் முன்னாலேயே சிங்களத்தில் திட்டினார். எனக்கு அன்றைக்கு அரைகுறைச் சிங்களம்தான், ஆனாலும் ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. யாரோ எடுத்திருக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரா என்று மாஸ்டர் தலைமையாசிரியரைப் பார்த்தார். தலைமையாசிரியர் ஜன்னலைப் பார்த்தார். அந்த இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. தவணை முடிவில் மாஸ்டர் மாற்றலாகி வட்டகொடைப் பக்கம் போய்விட்டார்.

அதற்காக நான் வருந்தவில்லை. ஆனால் உங்களிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். நம் வகுப்பில் ஒருவர்கூட ஒரு கலத்தைக் கண்ணால் பார்க்காமல் போனதற்குக் காரணம் நான். நாற்பது பிள்ளைகளின் வாய்ப்பை எடுத்து மண்ணில் புதைத்தேன். அந்த மன்னிப்பை உங்களிடம் கேட்கிறேன். அவரிடம் கேட்க மாட்டேன்.

போன மாதம் மலர்க் குழு அவரை அழைக்கப் போனபோது, செயலாளர் என்னையும் வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு போனார். ஹட்டனில் மகள் வீட்டில் இருக்கிறார். மெலிந்து, கை நடுங்கிக்கொண்டு, காதில் கருவியோடு. நாங்கள் உட்கார்ந்ததும் தன் பழைய கதைகளை எடுத்துவிட்டார். எட்டாம் வகுப்பில் ஒரு பிள்ளை இருந்தாளாம், தேயிலைத் தண்டைக் கொண்டுவந்து அவரையே மடக்கினாளாம். அதற்குப் பிறகு எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் அந்தக் கதையைச் சொல்லித்தான் பாடத்தைத் தொடங்குவாராம். தண்டும் வேராகும் பிள்ளைகளே, யாரும் பெரட்டுக்கென்று பிறக்கவில்லை என்று சொல்வாராம். செயலாளர் பூரித்துப்போய், அந்தப் பிள்ளை இவங்கதான் சேர் என்று என்னை முன்னால் தள்ளினார்.

அவர் என் முகத்தை நெடுநேரம் பார்த்தார். சிரிப்பு மெல்ல இறங்கியது. மற்றவர்கள் படம் எடுக்க வெளிச்சம் தேடி வாசலுக்குப் போனார்கள். நான் போகவில்லை. பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, கருவி இருந்த காதோரம் குனிந்து, பன்னிரண்டு நாளையும் மடுவத்தையும் சொன்னேன். விரல், நகம், புருவம், காது என்று வரிசையாகச் சொன்னேன். கதையை நீங்க பாதியிலதான் நிறுத்தியிருக்கீங்க சேர் என்றேன். அவர் தெரியாது என்று சொல்வார், அதைச் சொன்னதும் கிழிக்க வேண்டும் என்று ஐம்பது வருடமாகச் சொற்களைத் தயாராக வைத்திருந்தேன்.

"தெரியும்" என்றார். "அன்னைக்கே தெரியும். நீ எந்திரிச்சுப் போறப்பவே தெரியும். கணக்கப்பிள்ளைக்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பயம்."

நான் தயார்செய்து வைத்திருந்த எதுவும் அதற்குப் பொருந்தவில்லை. மன்னித்துவிட்டேன் என்று இந்த இடத்தில் எழுதினால் மலருக்கு நன்றாக இருக்கும். மன்னிக்கவில்லை. எழுந்தேன். அவர் என் சேலை முந்தானையைப் பிடித்தார்.

"இத்தனை வருசமா இது ஒன்னு மட்டும் கேக்கணும்னு இருந்திச்சு பிள்ளை. யாருக்கிட்டக் கேக்குறது? அது ஆம்புளப் பிள்ளையா, பொம்புளப் பிள்ளையா?"

எனக்குத் தெரியும். படங்குத் துண்டில் நான் பார்த்தேன். அம்மாவுக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியும், அவர்கள் இரண்டு பேரும் இன்று இல்லை. இந்த உலகத்தில் அவருக்கு அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நான்தான். கண் கலங்க அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். முந்தானையை அவர் விரல்களிலிருந்து ஒவ்வொன்றாக விடுவித்துக்கொண்டு, பதில் சொல்லாமல் வெளியே வந்தேன்.